ஒரு பரங்கிக்காயைத் தூக்க இரண்டு பேர்

1

முருகேசன் எங்கள் தங்கச் சுரங்க ஊரில், சாம்பியன் பகுதியில், என்னோடு பத்தாவது வரை படித்தவன். இப்போது வீடு அதே ஊரின் ஸ்கெலட்டன் பகுதியில், வேலை பெங்களூரில். விடிவதற்கு முன் ரயிலேறி இருட்டிய பிறகு வந்து இறங்குகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். யாரோடாவது பேச அவனுக்கு நேரம் கிடைப்பதே ரயிலில்தான். அதனால் அவன் அனுப்பும் குரல் செய்திகளில் பாதி, பங்காருபேட்டை பிளாட்பார இரைச்சலாக இருக்கும். போன வாரம் அப்படி ஒன்று வந்தது.

"மச்சான், உன் போட்டோ பாத்தேன். எல்லாரும் சேத்துல நின்னுக்கினு கீறீங்க, கையில பரங்கிக்காய். இங்கயும் பெங்களூரு பக்கத்துல ஒரு ஃபார்ம்ல இத ஆரம்பிச்சிட்டாங்கடா. ஆபீசுல குடும்பம் குடும்பமா போறாங்க. அதுக்கு டிக்கெட்டு வேற! பரங்கிக்காய நாமளே போய் பொறுக்கிக்கினு வர்றதுக்கு நாமளே டிக்கெட் எடுக்கணும். வீட்டுல பசங்க ஒரே பேஜாரு பண்ணுதுங்க. நீ வருஷா வருஷம் போறவனாச்சே, உண்மையச் சொல்லு. போலாமா? இல்ல சும்னே ஒரு ஞாயித்துக்கிழமை பாழா?"

போகலாம், போக வேண்டாம் என்று ஒரு வரியில் முடிக்கத்தான் பார்த்தேன். ஆனால் அந்தப் படத்தில் எங்களோடு நிற்கிறவர்கள் யார், ஏன் அந்தச் சேற்றில் நிற்கிறோம் என்பதைச் சொல்லாமல் பதில் சொன்னால் அது பதிலாக இருக்காது. எனவே இது முருகேசனுக்கும், அவனைப் போல யோசித்துக்கொண்டிருக்கிற மற்றவர்களுக்கும்.

2

நான் இருப்பது கனடாவில், ஹாமில்டன் நகரத்துக்குப் பக்கத்தில். ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் பார்த்தார், நான் இங்கே ஷிப்ட் பார்க்கிறேன். மனைவி மேரி முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். ஒரே மகள் ரூத்.

அக்டோபர் வந்தால் இங்கே மரங்களெல்லாம் சிவந்து, குளிர் வாசலில் வந்து நிற்கும். மாதக் கடைசியில் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாக மிட்டாய் வாங்கும் பண்டிகை. அதற்காகப் பரங்கிக்காயைக் குடைந்து, கண்ணும் மூக்கும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்கள். அந்தப் பரங்கிக்காயைக் கடையில் வாங்கலாம். ஆனால் குடும்பத்தோடு பண்ணைக்குப் போய், டிராக்டர் இழுக்கிற வைக்கோல் வண்டியில் ஏறி, வயலின் நடுவில் இறங்கி, பிள்ளை காட்டுகிற காயைக் கொடியிலிருந்து அறுத்து எடுத்து வருவதுதான் இங்கே வழக்கம்.

நாங்கள் வந்த முதல் வருடம், ரூத்துக்கு நான்கு வயது. கூட வேலை செய்கிறவர், "குழந்தையை பம்கின் பேட்ச்சுக்குக் கூட்டிப் போ" என்றார். நமக்குத் தெரிந்த பேட்ச் சைக்கிள் டியூபில் ஒட்டுவது. பரங்கிக்காய்க்கு எதற்கு ஒட்டு என்று புரியாமல், புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு வந்தேன். காய் விளைகிற வயலுக்கு இங்கே அப்படிப் பெயராம். டிக்கெட்டை முன்கூட்டியே நேரம் குறித்து வாங்க வேண்டும். வாங்கும்போது ஒரு நீளமான உறுதிமொழிக்கு ஒப்புதல் தர வேண்டும். சேற்றில் வழுக்கினால், வண்டியிலிருந்து விழுந்தால், ஆடு கடித்தால் பண்ணை பொறுப்பல்ல. ஆடு கடிப்பதை முன்னமே யோசித்து எழுதி வைத்திருக்கிற நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று மேரி சொன்னாள்.

அங்கே ரூத் குடிக்க ஏதாவது கேட்டாள். ஒரு பலகையில் ஸ்குவாஷ் என்று எழுதியிருந்தது. எனக்குச் சந்தோஷம். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு பாட்டிலிலிருந்து ஊற்றித் தண்ணீர் கலந்து கொடுப்போமே, அந்த ஸ்குவாஷ். விற்கிற பெண் என்ன வகை வேண்டும் என்றாள். ஆரஞ்சு என்றேன். அவள் குனிந்து, ஆரஞ்சு நிறத்தில் வரி போட்ட ஒரு காயை எடுத்து என் கையில் வைத்தாள். இந்த ஊரில் அந்தப் பெயருக்குப் பூசணி வகை என்று அர்த்தமாம்.

"இந்தா, புள்ளைக்கு இத ஊத்திக் குடு" என்று மேரி வயலின் நடுவில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

மறுநாள், ரூத் வயலில் தேர்ந்தெடுத்த பெரிய காயை மேரி கூட்டு வைத்தாள். தண்ணீரும் நாருமாக, உப்பு போட்டும் சப்பென்று இருந்தது. மூஞ்சி வெட்டுகிற காய் வேறு, சமைக்கிற காய் வேறு என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டோம்.

இத்தனை கேலிக்கும் நடுவில் ஒன்று என்னை அன்றைக்கே பிடித்துக்கொண்டது. அந்தப் பண்ணைக்காரர்கள் தாங்கள் விதைத்த நிலத்தை ஊரார் பிள்ளைகளுக்குத் திறந்து விட்டிருந்தார்கள். 'தொடாதே', 'மிதிக்காதே' என்று ஒருவரும் சொல்லவில்லை. பரங்கிக்காய் எங்கே காய்க்கிறது, அதன் கொடியில் எப்படிச் சொரசொரவென்று முள் இருக்கிறது என்பதை ஒரு நான்கு வயதுக் குழந்தை தடவிப் பார்த்தது. எங்கள் அப்பா வேலை செய்த இடத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. கேட்டுக்கு வெளியே நின்று, சுரங்க வாயான ஷாப்ட்டுக்கு மேலே சக்கரம் சுற்றுவதைப் பார்த்ததோடு சரி. கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி எந்த ஆழத்து லெவலுக்குப் போனார், அங்கே என்ன செய்தார் என்பதெல்லாம் எங்களுக்குப் பூமிக்கு அடியில் நடந்த விஷயம். வேலை நடக்கிற இடத்துக்கு விருந்தாளியாகப் போக முடியும் என்பதே எனக்குப் புதிது. அதனால் வருடா வருடம் போனோம்.

பன்னிரண்டு வயதில் ரூத், "அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்போது நின்றது.

3

என் தங்கை எஸ்தரும் இதே மாகாணத்தில்தான் இருக்கிறாள், காரில் ஒரு மணி நேரத் தூரத்தில். அவளும் அவள் கணவர் டேனியலும் எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள். அம்மா மட்டும் எங்கள் சுரங்க ஊரின் பாலகாட்டுப் பகுதியில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய அந்த வரிசை வீட்டில் இருந்தார்கள். அப்பா முன்பே போய்விட்டார்.

எஸ்தர் பிள்ளை உண்டாகியிருந்தபோது அம்மாவை வரவழைக்க நான் விசாவுக்கு விண்ணப்பித்தேன். அம்மாவின் பென்ஷன், வீடு, சர்ச்சில் அவர்கள் இருக்கிற பெண்கள் சங்கம் எல்லாம் எழுதினேன். 'இவர் திரும்பிப் போவார் என்று எங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை' என்று பதில் வந்தது. பாலகாட்டை விட்டு பெங்களூருக்குப் போனாலே சாயந்திரம் வீடு திரும்பிவிடத் துடிக்கிற அம்மாவைப் பற்றித்தான் அப்படி எழுதியிருந்தார்கள். திரும்ப விண்ணப்பித்தேன். திரும்பவும் அதே பதில்.

"விடுப்பா. நான் வரலன்னு அந்த நாடு அழுவுதா?" என்றார்கள் அம்மா போனில். என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எஸ்தர் தாய் துணையில்லாமல் ஜோயலைப் பெற்றாள். டேனியலுக்கு அப்போது விடுப்பு இல்லாத வேலை. பச்சை உடம்போடு அவளே சமைத்து, அவளே பிள்ளையைக் குளிப்பாட்டினாள். மேரி முடிந்த நாட்களில் போய் வந்தாள். அது போதவில்லை, போதாது.

ஜோயலுக்கு இரண்டு வயது ஆனபோது அம்மா இறந்துபோனார்கள். நான் மட்டும் ஊர் போய்ச் சேர்ந்தேன். எஸ்தருக்குக் குடியேற்றத் தாள்கள் ஏதோ நிலுவையில் இருந்தன, வெளியே போனால் திரும்பி வருவதில் சிக்கல் வரும் என்றார்கள். அம்மாவின் அடக்கத்தை அவள் போனில் பார்த்தாள். நான் திரும்பி வந்த அன்று கூப்பிட்டாள்.

"நீ ஒழுங்கா எழுதியிருந்தா அம்மா வந்திருப்பாங்க. ரெண்டு தடவ எழுதின. ரெண்டு தடவையும் கெடுத்த."

அவள் வைத்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. நான்கு வருடம். அவள் சொன்னதில் உண்மை இருக்குமோ என்று நானும் பல நாள் அந்த விண்ணப்பத்தை மனதுக்குள் முதலிலிருந்து எழுதிப் பார்த்திருக்கிறேன்.

ரூத் இந்த நான்கு வருடத்தில் பதினைந்து வயதுப் பெண்ணாகிவிட்டாள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். காதில் எப்போதும் எதையோ மாட்டியிருப்பாள். இந்தப் பெண் எங்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப்போகிறாள் என்று நானும் மேரியும் பேசிக்கொள்வோம். அவள் வாராவாரம் தன் அத்தையோடும் ஜோயலோடும் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள் என்பது எங்களுக்குத் தெரியாது.

4

இந்த அக்டோபரில் ஒரு நாள், "சனிக்கிழமை ஓவர்டைம் எடுக்காதீங்க அப்பா. பண்ணைக்குப் போறோம்" என்றாள் ரூத். டிக்கெட்டையும் அவளே எடுத்துவிட்டாள். மேரிக்கும் எனக்கும் உள்ளூர ஒரே பூரிப்பு. பிள்ளை தானாகவே எங்களோடு வெளியே வரக் கூப்பிடுகிறதே!

முந்தின நாள் நல்ல மழை. பண்ணை முழுக்கச் சேறு. வைக்கோல் வண்டியில் இரண்டு பக்கமும் வைக்கோல் கட்டுகளை இருக்கையாகப் போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கத்து ஆளின் முழங்கால் நம் முழங்காலில் இடிக்கும். நாங்கள் உட்கார்ந்தோம். டிராக்டர் புறப்படப் போகிற நேரத்தில் ஒரு சின்னப் பையன் தாவி ஏறினான். அவன் பின்னால் டேனியல். அவர் பின்னால் எஸ்தர்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்.

"நீ சொல்லவே இல்லியே ரூத்" என்றாள்.

ரூத் டிராக்டரின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்னால் ஆட்கள் ஏறக் காத்திருந்தார்கள். டேனியல்தான், "ஏறும்மா, எல்லாரும் நிக்கிறாங்க. மச்சான், நல்லாக்கீறீங்களா?" என்று எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் எஸ்தர். வண்டி கிளம்பிவிட்டது.

டிராக்டர் நடக்கிறவனைவிடக் கொஞ்சம்தான் வேகமாகப் போகும். வயலின் கடைசிவரை இறங்க முடியாது. யாரும் போனை எடுத்துப் பார்க்கவும் முடியாது, அவ்வளவு குலுக்கல். எஸ்தருக்கு முன்நெற்றியில் நரை வந்திருந்தது. அதை நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவளும் பார்த்தாள்.

ஜோயல் என் முன்னால் வந்து நின்றான். "நீங்கதானே போட்டோவில் இருக்கிற மாமா?"

"எந்த போட்டோ?"

"எங்க ஹால்ல மாட்டியிருக்கிற போட்டோ. அம்மா, நீங்க, அப்புறம் இறந்துபோன பாட்டி."

பேசாத நான்கு வருடமும் என் படம் அவள் வீட்டுச் சுவரில் இருந்திருக்கிறது. நான் ஜோயலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மேரி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வயலில் இறங்கியதும் ஜோயல் ஓடினான். கைக்கு அடக்கமான காய்களாகக் கிடக்க, அவன் அத்தனையும் தாண்டிப் போய், கடைசி வரிசையில் கிடந்த ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றான். நம் வீட்டு இட்லிக் குண்டானைவிடப் பெரிது. டேனியல் கெஞ்சினார், நான் கெஞ்சினேன். அவன் அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டான். பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். அறுத்தோம்.

திரும்புவதற்கு எல்லாரும் ஏறியபோது டிராக்டரின் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ஓட்டி வந்தது அந்தப் பண்ணைக்காரம்மா. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து, இறங்கி, இடுப்பில் கை வைத்து ஒரு பார்வை பார்த்து, "மன்னிக்கணும். நடக்க முடிந்தவர்கள் நடங்கள். பரங்கிக்காய்களை இங்கேயே விடுங்கள், வேறு வண்டி கொண்டுவந்து எடுத்து வருகிறேன்" என்றார். ஒருவரும் சண்டைக்குப் போகவில்லை. மெதுவாக நடக்கிற வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் அறிமுகமில்லாதவர்களே கை கொடுத்தார்கள். நானறிந்த வரையில் ஒரு கூட்டம் இவ்வளவு நல்ல மனதோடு சேற்றில் நடந்து பார்த்ததில்லை.

ஜோயல் மட்டும் அசையவில்லை. காயை விட்டால் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று அழுதான். டேனியலுக்கு முதுகு வலி, தூக்கக் கூடாது. நான் தனியாகத் தூக்கிப் பார்த்தேன், நான்கு அடிக்கு மேல் முடியவில்லை. எஸ்தர் தன் சால்வையை அவிழ்த்துத் தரையில் விரித்தாள். காயை அதில் உருட்டினோம். அந்தப் பக்கம் இரண்டு முனை அவள், இந்தப் பக்கம் இரண்டு முனை நான்.

மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். ரூத் ஜோயலின் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டுமென்றே வேகமாக நடந்தாள்.

சின்ன வயதில் தெருக்குழாயிலிருந்து இப்படித்தான் தண்ணீர் கொண்டுவருவோம். தகர டின்னின் பிடியில் கட்டையைச் செருகி, முன்னால் நான், பின்னால் அவள். நான் வேகமாகப் போனால் அவள் பாவாடை நனையும். இப்போதும் நான் கொஞ்சம் வேகமாகத்தான் போயிருப்பேன் போலிருக்கிறது.

"மெதுவா போண்ணா" என்றாள்.

நான்கு வருடத்தில் என்னிடம் அவள் சொன்ன முதல் சொல். நான் மெதுவாக நடந்தேன். பாதி வயலில் இளைப்பாறக் காயைக் கீழே வைத்தோம். அவள் அதைப் பார்த்தபடியே பேசினாள்.

"ரெண்டாவது தடவ விசா இல்லன்னு சொன்னாங்கல்ல, அன்னிக்கு அம்மா எனக்கு போன் பண்ணாங்க. இன்னா சொன்னாங்க தெரியுமா? சிரிக்கிறாங்கண்ணா. 'தப்பிச்சேன்டி, அந்தக் குளிர்ல வந்து நான் இன்னா பண்ணப்போறேன், உங்கண்ணன்கிட்ட சொல்லாதே, பாவம் கஷ்டப்பட்டு எழுதினான்'ங்கிறாங்க. எனக்கு எட்டு மாசம் அப்போ. எங்கம்மா வரலன்னு நான் அழுதுக்கினு கீறேன், அவங்க தப்பிச்சேன்னு சிரிக்கிறாங்க."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"எப்படிச் சொல்றது? அப்புறம் அவங்களும் போய்ட்டாங்க. செத்துப்போனவங்க மேல எப்படிண்ணா கோவப்படுறது? யார் மேலயாவது படணுமே. நீதான் கீற."

சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அம்மா தப்பித்தேன் என்று சிரித்ததை நினைத்துப் பார்த்தேன். அந்தக் குரல், சொல்கிற விதம், கையை வாயில் பொத்திக்கொள்கிற விதம் எல்லாம் அப்படியே கண்முன் வந்தது. அம்மாவுக்கு வர விருப்பமே இருந்ததில்லை! நான் சிரித்துவிட்டேன். எஸ்தர் என்னைக் கோபமாகப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் தொற்றிக்கொண்டது. முழங்கால் வரை சேற்றோடு, ஒரு பரங்கிக்காயைக் காவல் காத்துக்கொண்டு, இரண்டு பேரும் சிரித்தோம். முருகேசன் பார்த்த படம் அப்போது மேரி தூரத்திலிருந்து வந்து, எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி எடுத்தது.

5

ஆக, போகலாமா என்ற கேள்விக்கு என் பதில்: போ.

எல்லாருக்கும் டிராக்டர் புதையாது என்பது எனக்குத் தெரியும். சாதாரண நாளில் நடப்பதையே சொல்கிறேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் அதன் பெருமை. நம் ஊரில் குடும்பமாக வெளியே போவதென்றால் கல்யாணம், கோயில், சர்ச், இல்லாவிட்டால் சாவு. எல்லாவற்றிலும் செய்யவேண்டிய காரியம் இருக்கும், பார்க்கவேண்டிய உறவு இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை அப்பாவுக்கு லீவு கிடைத்தால் பேத்தமங்கலா ஏரிக்குப் போவோம். அங்கேயும் அம்மா சோறு கட்டிக்கொண்டு வந்து பரிமாறிக்கொண்டிருப்பார்கள். காரியம் எதுவுமில்லாமல், பிள்ளை போகிற பக்கம் பெரியவர்கள் போய், பிள்ளை காட்டுவதைத் தூக்கி வருகிற ஒரு நாளை இந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களை நான் மெச்சுகிறேன்.

குறையும் உண்டு. பண்டிகை முடிந்ததும் வாசல்களில் அத்தனை காயும் அழுகும். சாப்பிடுகிற பண்டம் அப்படிக் கிடப்பது எனக்கு இன்னும் உறுத்தல்தான். பெங்களூர்ப் பண்ணையில் நம்ம பரங்கிக்காயாக இருந்தால் சமைத்துவிடலாம், அந்தப் பாவமும் இல்லை. கூட்டமான நேரத்தில் போகாதே. சாப்பாடு கையோடு கொண்டுபோ. போனைப் பையில் போடு. பசங்க எவ்வளவு பெரிய காயைக் காட்டினாலும் வேண்டாம் என்று சொல்லாதே. மனஸ்தாபம் உள்ள சொந்தக்காரர் யாராவது இருந்தால், அவர்களையும் கூப்பிடு.

6

அன்றைக்குக் கார்கள் நிறுத்தும் இடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

பரங்கிக்காயை டேனியலின் காரில் ஏற்றினோம். ஜோயல் அதற்கும் சீட் பெல்ட் போட்டான். ரூத் அத்தையின் தோளில் சாய்ந்து நின்று, தமிழில், "அத்த, கோவமா?" என்று கேட்டாள். எஸ்தர் அவள் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு தட்டினாள்.

"வீட்டுக்கு வாங்கண்ணா. அண்ணி, வாங்க. சோறாக்கி ரசம் வெச்சிடறேன், ஒரு மணி நேரம் கூட ஆவாது" என்றாள்.

"சரிம்மா" என்று காரில் ஏறிவிட்டேன். சாவியைத் திருகிய பிறகுதான் உறைத்தது. கண்ணாடியை இறக்கினேன்.

"எஸ்தர், எனக்கு வீடு தெரியாதும்மா."

நாங்கள் பேசாமல் இருந்த காலத்தில் அவர்கள் வீடு வாங்கி மாறியிருந்தார்கள். ஒரு மணி நேரத் தூரத்தில் தங்கச்சி வீடு, அண்ணனுக்குத் தெரு பெயர்கூடத் தெரியாது. அவள் விலாசம் சொல்லியிருக்கலாம், ரூத் போனில் போட்டிருப்பாள். சொல்லவில்லை.

"எங்க வண்டி பின்னாலயே வாண்ணா. நான் ஓட்டறேன். மெதுவாப் போறேன்" என்று டேனியலிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. அவளுடைய சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். ஊருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு லாரி குறுக்கே வந்து நான் பிந்திவிட்டேன். அடுத்த சந்திப்பில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தும் எஸ்தரின் கார் நின்றிருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்தவர் ஹாரன் அடித்தார். இந்த நாட்டில் யாரும் லேசில் ஹாரன் அடிக்க மாட்டார்கள். இன்னொருவரும் அடித்தார். எஸ்தர் அசையவில்லை. நான் வந்து சேர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் வண்டியை எடுத்தாள்.